பேட்டரி கசிந்த ஒரு 486: பழுது முதல் வேகக் கூட்டல் வரை

இந்த ஆய்வுக்கு வந்த கணினி 1993 வாக்கில் கட்டப்பட்ட ஒரு 486 (அதன் மையச் சிப்பின் தலைமுறைப் பெயர்). இன்டெலின் டிஎக்ஸ்2 சிப், 66 மெகாஹெர்ட்ஸ். 8 எம்பி ரேம், போர்டிலேயே 256 கேபி கேஷ் (சிப்புக்கும் ரேமுக்கும் நடுவே நிற்கும் சிறு வேக நினைவகம்), விஎல்பி என்ற வேக ஸ்லாட்டில் வீடியோ கார்டு, 340 எம்பி ஹார்டு டிஸ்க். அந்தக் காலத்துக்கு நல்ல அமைப்பு. வைத்திருந்தவர் கேட்டது இரண்டே: டிஸ்கில் உள்ள பழைய கோப்புகள் வேண்டும், கணினி மறுபடி ஓட வேண்டும். ஓடினால் கொஞ்சம் வேகமாகவும் ஓடட்டும் என்றார்.

அந்தக் கடைசி ஆசைதான் இந்த மாதிரி வேலைகளில் ஆபத்தானது. பழைய போர்டு கைக்கு வந்ததும் சிப்பை மாற்றி, ரேமைக் கூட்டி, டிஸ்குக்குப் பதில் மெமரி கார்டு போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஆன் செய்து பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. திரை வரவில்லை என்றால் குற்றம் எதன் மேல் என்று எப்படிச் சொல்வது? தப்பாகப் போட்ட ஜம்பரும் (அமைப்பை மாற்றப் பின்களில் செருகும் சிறு இணைப்பு), அரித்துப்போன டிராக்கும் (போர்டில் ஓடும் செம்புக் கோடு), பொருந்தாத ரேமும் வெளியே காட்டும் அறிகுறி ஒன்றுதான்: கறுப்புத் திரை. ஆகவே நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் முறை இது. கணினி முதலில் தன் பழைய வேகத்தில், தன் பழைய பாகங்களோடு, தடுமாறாமல் ஓட வேண்டும். அதன் பிறகுதான் புதிதாக ஒன்று. அதுவும் ஒரு தடவைக்கு ஒன்று. இந்தப் போர்டில் அந்த முறை எங்கே கைகொடுத்தது என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

மின்சாரம்

வந்த நிலையில், சுவிட்சைப் போட்டால் எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளையின் விசிறி லேசாகத் துடித்துவிட்டு நின்றுவிடும். வேறு அசைவே இல்லை.

அந்தக் காலத்துக் கணினியைத் திறக்கிறவர்கள் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏடி வகைப் பெட்டிகளில் முன்பக்கச் சுவிட்ச் மெயின் மின்சாரத்தையே வெட்டுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து முன்பக்கம் வரை போகும் நான்கு தடித்த வயர்களில் சுவரிலிருந்து வரும் மின்சாரமே ஓடும். பிளக்கைப் பிடுங்காமல் அந்தப் பக்கம் கை போகவே கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில், 230 வோல்ட் ஊரில், 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே வடிந்துவிடுவதில்லை. மீட்டரை வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும்.

குற்றம் எஸ்எம்பிஎஸ்ஸிலா போர்டிலா என்று பிரிப்பது முதல் வேலை. போர்டுக்கு வரும் பி8, பி9 கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, 5 வோல்ட் வழியில் 12 வோல்ட் கார் பல்பு ஒன்றைச் சுமையாகக் கொடுத்தேன். சுமை இல்லாவிட்டால் இந்த வகை எஸ்எம்பிஎஸ்கள் பல ஓடவே ஓடாது, ஓடினாலும் அளவு சரியாக இருக்காது. பல்பு எரிந்தது, விசிறி நிற்காமல் சுற்றியது. 5, 12, மைனஸ் 5, மைனஸ் 12 நான்கும் வந்தன. மின்சாரம் சரி என்று போர்டுக்குச் சொல்லும் பவர் குட் வயரிலும் 5 வோல்ட் வந்தது. சரி, எஸ்எம்பிஎஸ் நலம். போர்டில் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அதைக் கண்டுதான் அது தன்னை அணைத்துக்கொள்கிறது.

போர்டின் ஒவ்வொரு மின்வழியையும் கிரவுண்டோடு வைத்து அளந்தபோது 12 வோல்ட் வழி 1 ஓமுக்கும் கீழே காட்டியது. இந்தப் போர்டில் 12 வோல்ட், கார்டுகள் செருகும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகளுக்குப் போவதோடு சரி. கார்டுகளையெல்லாம் கழற்றிவிட்டால் அந்த வழியில் மிச்சம் இருப்பவை ஸ்லாட்டுகளுக்கு நடுவே நிற்கும் மஞ்சள் நிற டான்டலம் கெபாசிட்டர்கள் மட்டுமே. அவற்றில் எது என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை. மேசை பவர் சப்ளையை 1 வோல்ட், 1 ஆம்பியர் என்று கட்டுப்படுத்தி அந்த வழியில் கொடுத்து, கெபாசிட்டர்களின் மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தடவினேன். ஒன்றின் மேல் மட்டும் ஈரம் சட்டென்று காய்ந்தது. அதைக் கழற்றியதும் ஷார்ட் போய்விட்டது.

அதன் மேல் 10 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் என்று இருந்தது. 12 வோல்ட் வழிக்கு 16 வோல்ட் டான்டலம் போடுவது அந்தக் காலத்தில் சாதாரணம். டான்டலத்துக்கு அந்த இடைவெளி போதாது, அதுவும் வருடக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டுத் திடீரென மின்சாரம் ஏறும்போது. 25 வோல்ட் தாங்கும் புதியதைப் போட்டேன். அதே வழியில் இருந்த மற்றவற்றையும் மாற்றினேன். புதிதாகச் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டான்டலத்தில் கோடு போட்டிருக்கும் கால் பாசிட்டிவ், சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு நெகட்டிவ். தலைகீழாகப் போட்ட டான்டலம் தீப்பிடித்தே எரியும். பி8, பி9 மறுபடி மாட்டும்போது இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் சேர்ந்து நிற்க வேண்டும் என்பதும் மறக்கக் கூடாத ஒன்று.

பேட்டரி

போர்டின் மூலையில், கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில், பீப்பாய் வடிவத்தில் ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி. 1.2 வோல்ட் செல்கள் மூன்று, சேர்த்து 3.6 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தையும் பயாஸ் (கணினியை எழுப்பும் தொடக்க நிரல்) அமைப்புகளையும் காப்பதும், ஓடும்போது போர்டிலிருந்தே சார்ஜ் ஏற்றிக்கொள்வதும் அதன் வேலை. 1990களின் முதல் பாதியில் வந்த 386, 486 போர்டுகளைச் சாகடிப்பதில் இதற்குத்தான் முதல் இடம். சிப்புகள் எத்தனை வருடம் ஆனாலும் அசராமல் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்னப் பீப்பாய் கசிந்து எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது.

இதிலும் அதே கதைதான். பேட்டரியின் இரு முனையிலும் பச்சையும் நீலமுமாகப் பொரிந்து நின்றது. சுற்றியிருந்த சாலிடர் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்திருந்தது. பச்சைப் பூச்சுக்கு அடியில் டிராக்குகள் கறுத்திருந்தன. கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பின் கால்கள், அருகில் இருந்த முதல் ஐஎஸ்ஏ ஸ்லாட்டின் ஒரு முனை, கடிகாரத்துக்கான 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகம், எல்லாம் அந்தக் கறையின் எல்லைக்குள்.

கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். பேட்டரி என்றாலே அமிலம் என்று நினைத்துச் சமையல் சோடாவைக் கரைத்துத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். காரத்தின் மேல் இன்னொரு காரத்தைப் போட்டு என்ன பயன்? வேண்டியது மெல்லிய அமிலம். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரைப் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தேன். காற்றுபட்டுக் கார்பனேட்டாக மாறியிருந்த படிவு நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கும் வரை திரும்பத் திரும்பச் செய்து, காய்ச்சி வடித்த நீரில் நன்றாகக் கழுவி, ஆல்கஹாலில் அலசி, மிதமான சூட்டில் உலர வைத்தேன். வினிகர் போர்டில் தங்கினால் அதுவும் அரிக்கும். அதனால் கழுவுவதில் கஞ்சத்தனம் கூடாது.

மேலே துடைத்ததோடு நிறுத்தினால் வேலை பாதிதான். காரம் செம்பைப் பிடித்துக்கொண்டு பூச்சுக்கு அடியில் ஊர்ந்து போகும், துளைகள் வழியாக மறுபக்கம் இறங்கும், சாக்கெட்டுக்குக் கீழே குளம் கட்டி நிற்கும். ஆகவே கீபோர்டு கன்ட்ரோலரின் சாக்கெட்டைக் கழற்றினேன். அரித்த சாலிடர் சூட்டுக்கு உருகாது. மேலே இருக்கும் படலம் சூட்டை உள்ளே விடுவதில்லை. ஃப்ளக்ஸ் நிறையப் போட்டு, ஈயம் கலந்த புதுச் சாலிடரை முதலில் அதன் மேல் ஏற்றி, பழையதோடு கலக்கவிட்டு, அப்புறம் உறிஞ்சினால்தான் வரும். அவசரப்பட்டு இழுத்தால் பேட் (சாலிடர் பிடிக்கும் செம்புத் திட்டு) போர்டைவிட்டுப் பிய்ந்து வந்துவிடும்.

சாக்கெட்டுக்கு அடியில் எதிர்பார்த்ததைவிட மோசம். கண்ணாடியிழைப் பேனாவால் பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோது சில டிராக்குகள் செம்பு நிறத்தில் மின்னின. சிலவற்றில் செம்பே இல்லை, கறுப்புத் தூள் மட்டும் கோடாக நின்றது. நல்லவேளை, இந்த மாதிரிப் போர்டுகளில் நான்கு அடுக்கு இருந்தாலும் நடு அடுக்குகள் பெரும்பாலும் 5 வோல்ட்டும் கிரவுண்டும்தான். சிக்னல் வழிகள் வெளியே இரண்டு பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் நெருக்கமாகப் படம் எடுத்து, கறைக்குள் நுழைந்து வெளியேறும் ஒவ்வொரு டிராக்குக்கும் எண் போட்டு, இரு முனைகளையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக அளந்தேன்.

இந்த இடத்தில் மீட்டரின் பீப் ஒலியை நம்பக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல மீட்டர்கள் 30, 50 ஓம் வரைக்கும்கூட பீப் அடிக்கும். நல்ல டிராக் 1 ஓமுக்குக் கீழே இருக்கும். ஒரு மயிரிழைச் செம்பில் தொங்கிக்கொண்டிருக்கும் டிராக் 20 ஓம் காட்டும், பீப்பும் கேட்கும், நாமும் சரி என்று தாண்டிப் போய்விடுவோம். எண்ணைப் பார்க்க வேண்டும். சில வழிகளில் 22 அல்லது 33 ஓம் ரெசிஸ்டரை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அதையும் கண்ணால் பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அழுகிய டிராக்கின் மேலேயே சாலிடர் பூசி ஒப்பேற்றுவது எனக்கு உடன்பாடில்லை. அரிப்பு உள்ளே மிச்சம் இருந்தால் அதே இடம் மறுபடி போகும். நல்ல முனையிலிருந்து நல்ல முனைக்கு 30 கேஜ் ஒற்றையிழை வயரை இழுத்து, நடுவில் உள்ள அழுகலை முழுதாகத் தாண்டிவிடுவதே என் வழக்கம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வருடக்கணக்கில் நிற்கும். சுரண்டிய நல்ல செம்பின் மேல் புற ஊதா ஒளியில் இறுகும் பச்சைப் பூச்சைத் தடவினேன்.

ரீசெட்டும் ஏ20-யும்

ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் போஸ்ட் கார்டைச் செருகி ஆன் செய்தேன். 80 ஹெக்ஸ் போர்ட்டுக்கு பயாஸ் அனுப்பும் எண்களை இரண்டு இலக்கமாகக் காட்டும் சிறு கார்டு அது. எல்லா மின்வழி விளக்குகளும் எரிந்தன, எண் எதுவும் வரவில்லை, ரீசெட் விளக்கு அணையாமல் நின்றது. சிப் இன்னும் எழுந்திருக்கவே இல்லை என்று அர்த்தம்.

எஸ்எம்பிஎஸ் தன் மின்சாரம் நிலைத்த பிறகு பவர் குட் வயரில் 5 வோல்ட் தரும். அதைப் பார்த்துத்தான் போர்டு ரீசெட்டை விடும். பி8 கனெக்டரின் முதல் பின்னில் 5 வோல்ட் இருந்தது. போர்டின் பாகங்களை ஒருங்கிணைக்கும் சிப்செட் பக்கம் போனால் 1 வோல்ட்கூட இல்லை. நடுவில் ஒரு துளை, மேலே பார்க்க ஒழுங்காக இருந்தது, உள்சுவர்ச் செம்பு போயிருந்தது. டிராக்குகளைக் கறையின் ஓரத்தில் அளந்தபோது இந்த வழி எல்லைக்கு வெளியே என்று தெரிந்தது, ஆனால் மறுபக்கத்தில் காரம் அதுவரை ஊர்ந்திருக்கிறது. ஒரு வயர் இழுத்ததும் எண்கள் ஓட ஆரம்பித்தன. திரை வந்தது.

வந்த திரையில் 8042 கேட் ஏ20 பிழை என்று நின்றது. 8042 என்பது கீபோர்டு கன்ட்ரோலர் சிப். இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 8086, 8088 சிப்புகளுக்கு முகவரி வழிகள் 20, ஏ0 முதல் ஏ19 வரை. 1 எம்பியைத் தாண்டினால் முகவரி பூஜ்யத்துக்குச் சுற்றி வந்துவிடும், அதை நம்பியே சில நிரல்கள் எழுதப்பட்டன. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் 24 வழிகள் கொண்ட 286 இருந்தது. பழைய நிரல்களுக்காக ஏ20 வழியை மூடித் திறக்க ஒரு கதவு தேவைப்பட்டபோது, கீபோர்டு கன்ட்ரோலரில் சும்மா கிடந்த ஒரு பின்னை அதற்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஏற்பாடு அப்படியே 486 வரை வந்தது. அதனால்தான் கீபோர்டுக்குப் பக்கத்தில் பேட்டரி கசிந்தால் நினைவகப் பிழை வருகிறது. 8042-இன் 22-ஆவது பின்தான் அந்தக் கதவு, 21-ஆவது பின் சிப்பை ரீசெட் செய்வது. இரண்டையும் சிப்செட் வரை அளந்தேன். 21 நன்றாக இருந்தது. 22-இலிருந்து கிளம்பும் டிராக் சாக்கெட்டின் பேட்டை ஒட்டியே அறுந்திருந்தது, பேட்டின் சாலிடர் அதை மறைத்திருந்தது. அதைச் சரிசெய்ததும் பிழை போயிற்று. கீபோர்டுக்கு 5 வோல்ட் கொடுக்கும் சிறு ஃபியூஸும் திறந்திருந்தது. பார்க்க ரெசிஸ்டர் மாதிரியே இருக்கும் என்பதால் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை.

புதிய பேட்டரிக்கு, போர்டில் இருந்த வெளி பேட்டரிக்கான பின்களைப் பயன்படுத்தினேன். சார்ஜ் ஏற்றும் சுற்று அங்கே வருகிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. பேட்டரி எதுவும் மாட்டாமல் கணினியை ஆன் செய்து அந்தப் பின்களில் வோல்ட்டேஜ் வருகிறதா என்று பார்த்தால் தெரியும். இதில் வரவில்லை. இருந்தாலும் 1என்4148 டையோடு ஒன்றைத் தொடரில் வைத்தேன், ஏனென்றால் சிஆர்2032 லித்தியம் செல்லுக்கு சார்ஜ் ஏற்றினால் அது வெடிக்கக்கூடும். மூன்று ஏஏ செல்களை வைப்பவர்களும் உண்டு. அவையும் ஒருநாள் கசியும். எதை வைத்தாலும் போர்டைவிட்டுத் தள்ளி, வயர் நீட்டி, பெட்டியின் சுவரில் ஒட்டி வையுங்கள்.

கேஷ்

கணினி இப்போது டாஸ் இயங்குதளம் வரை வந்துவிட்டது. இந்தக் கட்டத்தில்தான் பலருக்கும் கை துறுதுறுக்கும். ஓடுகிறதே, இனி சிப்பை மாற்றலாம் என்று தோன்றும். நான் பழைய டிஎக்ஸ்2 சிப்போடும் பழைய 8 எம்பி ரேமோடும் பிளாப்பியிலிருந்து மெம்டெஸ்ட்86+ என்ற நினைவகச் சோதனை நிரலின் பழைய பதிப்பை ஓடவிட்டேன். முதலில் சுத்தமாகப் போனது. சூடேறிய பிறகு பிழைகள் சிதறலாக வந்தன, ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு முகவரியில். ரேம் சிப் கெட்டிருந்தால் அதே முகவரி, அல்லது அதே பிட், திரும்பத் திரும்ப வரும். இடம் மாறிக்கொண்டே இருக்கும் பிழைக்குக் காரணம் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும்.

பயாஸில் வெளிக் கேஷை அணைத்துவிட்டு ஓடவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை. கேஷைத் திறந்தால் மறுபடி. ஆக, குற்றம் கேஷ் சுற்றில்.

256 கேபி கேஷ் என்பது இந்தப் போர்டில் ஒவ்வொன்றும் 32 கேபி பிடிக்கும் எட்டு எஸ்ரேம் சிப்புகள், அவற்றோடு டேக் என்று ஒன்பதாவது ஒன்று. எட்டும் தரவை வைத்திருக்கும். அந்தத் தரவு நினைவகத்தின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதை டேக் வைத்திருக்கும். டேக் தப்பாகப் படித்தால், வேறு இடத்துத் தரவை இந்த இடத்துத் தரவு என்று சிப்புக்குக் கொடுத்துவிடும். முகவரி மாறி மாறி வரும் பிழைகளுக்கு அது பொருந்திப் போகிறது.

டேக் சிப்பும் மற்ற எட்டும் இதில் ஒரே வகை என்பதால் இடம் மாற்றிப் பார்ப்பது சுலபம். கால்களைத் துடைத்து, சாக்கெட்டுகளில் காண்டாக்ட் கிளீனர் அடித்து, டேக் சிப்பைத் தரவு இடத்துக்கும் ஒரு தரவுச் சிப்பை டேக் இடத்துக்கும் மாற்றினேன். பிழை டேக் இடத்திலேயே நின்றது, சிப்போடு போகவில்லை. ஆகவே டேக் சாக்கெட்டுக்கு வரும் வழிகளை அளந்தேன். எல்லாம் 1 ஓமுக்குள், ஒன்று மட்டும் 18 ஓம். பீப் அடித்திருக்கும் அளவுதான். போர்டின் அந்த ஓரத்தை விரலால் லேசாக அழுத்தியபோது 18 பல ஆயிரமாகத் தாவியது, விரலை எடுத்ததும் மறுபடி இறங்கியது. அந்த டிராக் சிப்செட்டிலிருந்து வரும் வழியில் பேட்டரிக் கறையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு வளைந்து போகிறது. அங்கே பூச்சு கறுக்கவே இல்லை. ஊசிமுனை அளவில் ஒரு கொப்புளம், அதைச் சுரண்டினால் கீழே செம்பு பாதி அகலம் போயிருந்தது. சூட்டில் போர்டு விரியும்போது மிச்சப் பாதியும் விலகியிருக்கிறது.

இதுதான் இந்த ஆய்வின் மையம். ஒரு வயர் இழுத்ததும் கேஷ் திறந்த நிலையிலேயே மெம்டெஸ்ட் இரவு முழுக்கச் சுத்தமாக ஓடியது. பெரிய ஜிப் கோப்புகளை விரித்துச் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடும் சோதனையும் தேறியது. இதைக் கண்டுபிடிக்காமல் 133 மெகாஹெர்ட்ஸ் சிப்பை மாட்டியிருந்தால், கணினி தடுமாறும்போது பழி சிப்பின் மேல் விழுந்திருக்கும். வேகம் அதிகம், சூடு அதிகம், போர்டு தாங்கவில்லை என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். பஸ் (சிப்பும் போர்டும் பேசிக்கொள்ளும் வழி) வேகம் அப்போதும் இதே 33 மெகாஹெர்ட்ஸ்தான் என்பது யாருக்கும் தோன்றியிருக்காது.

டிஸ்க்

கோப்புகளுக்காகக் கேட்டிருந்ததால் ஹார்டு டிஸ்கை இந்தப் போர்டில் மாட்டவே இல்லை, வேலை முடியும் வரை. பழுதான போர்டு டிஸ்கில் தப்பாக எழுதிவிட்டால் மீட்பு கிடையாது. யுஎஸ்பி அடாப்டரில் போட்டால் அந்தக் காலத்து டிஸ்குகள் பெரும்பாலும் தெரியாது. அந்த அடாப்டர்கள் எல்பிஏ (செக்டர்களை ஒரே வரிசை எண்ணால் குறிக்கும்) முறையில் பேசும், பழைய டிஸ்குக்கு சிலிண்டர், ஹெட், செக்டர் கணக்கு மட்டுமே தெரியும். ஐடிஇ போர்ட் (அந்தக் காலத்து டிஸ்க் இணைப்பு) உள்ள வேறொரு நல்ல கணினியில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற மீட்பு நிரலைக் கொண்டு முழு நகல் எடுத்தேன். சில செக்டர்கள் படிக்கவில்லை, கேட்ட கோப்புகள் அவற்றில் இல்லை.

ஓடுவதற்கு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு வைத்தேன். அது ஐடிஇ மொழியையே பேசுவதால் நடுவில் இருக்கும் அடாப்டரில் சிப்பே தேவையில்லை, பின்களை இணைத்தால் போதும். தடை பயாஸில்தான். 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 52,84,82,304 பைட். அதற்கு மேல் இந்தப் பழைய பயாஸுக்குக் கணக்குத் தெரியாது. நெட்வொர்க் கார்டில் பூட் ரோமுக்கான (நிரல் பதிந்த சிப்) காலிச் சாக்கெட் இருந்தது. அதில் எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ் எழுதிய ரோமைப் போட்டதும் 2 ஜிபி கார்டு முழுதாகத் தெரிந்தது. டாஸ் 6.22-இன் ஃபேட்16 பார்ட்டிஷனுக்கு 2 ஜிபிதான் எல்லை என்பதால் அதைவிடப் பெரிய கார்டு தேவைப்படவில்லை. ஒரு சின்ன விஷயம்: டிஜிட்டல் கேமராவில் இருந்த கார்டு பார்ட்டிஷன் போட்ட பிறகும் பூட் ஆகாமல் நிற்கலாம். டாஸின் பார்ட்டிஷன் நிரலான எஃப்டிஸ்க் தன் பூட் நிரலை ஏற்கெனவே கையொப்பம் உள்ள கார்டில் எழுதுவதில்லை. எஃப்டிஸ்க்கை எம்பிஆர் சுவிட்சோடு ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும்.

ரேமை 8-இலிருந்து 32 எம்பிக்கு ஏற்றினேன். 72 பின் சிம் ஒன்று 486-இன் 32 பிட் பஸ்ஸை நிரப்பிவிடும் என்பதால் ஒரே துண்டு போதும். 32-இல் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. 8 பிட் டேக்கில் 1 பிட், ரேமுக்கு இன்னும் எழுதாத தரவைக் காட்டும் ரைட்-பேக் குறிப்புக்குப் போனால் மிச்சம் 7, அதாவது 256 கேபியின் 128 மடங்கு, 32 எம்பி. அதற்கு மேல் உள்ள நினைவகத்தை இந்தக் கேஷ் கண்டுகொள்ளாது.

புதிய சிப்

தேர்ந்தெடுத்தது ஏஎம்டியின் 5எக்ஸ்86, 133 மெகாஹெர்ட்ஸ், 1995 நவம்பரில் வந்தது. உள்ளே 486தான், ஆனால் பஸ்ஸின் நான்கு மடங்கு வேகத்தில் ஓடும், உள் கேஷும் 8-க்குப் பதில் 16 கேபி. வோல்ட்டேஜ் 3.45. இந்தப் போர்டு 5 வோல்ட் மட்டுமே தருவதால் நடுவில் ஒரு வோல்ட்டேஜ் அடாப்டர் வேண்டும். சிப்பை மாட்டும் முன் அடாப்டரை மட்டும் சாக்கெட்டில் வைத்து, மேலே வரும் வோல்ட்டேஜை அளந்துவிட வேண்டும். ரெகுலேட்டர் கெட்டிருந்தால் முழு 5 வோல்ட்டும் சிப்புக்குப் போய்விடும். ஓடும்போது 1 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் ரெகுலேட்டரிலேயே ஒன்றரை வாட் வெப்பம் வரும். அதனால் சிப்புக்கு மட்டுமல்லாமல் அதற்கும் காற்று போகும்படி விசிறியை வைத்தேன்.

பெருக்கலை முடிவு செய்வது சிப்பின் ஒரே ஒரு பின். அதைக் கிரவுண்டுக்கு இழுத்தால் இந்தச் சிப்பில் 4 மடங்கு, விட்டால் 3 மடங்கு. போர்டின் பயாஸ் சிப்பைவிட இரண்டு வயது மூத்தது என்பதால் திரையில் பெயரைத் தப்பாகத்தான் காட்டும். அதைக் கண்டுகொள்ளாமல், ஓடும் வேகத்தை அளக்கும் நிரலில் 133 வருகிறதா என்று பார்த்தேன். வந்தது.

அடுத்தது ரைட்-பேக். இந்தச் சிப் தன் உள் கேஷில் மாற்றிய தரவை நினைவகத்துக்கு உடனே எழுதாமல் வைத்திருக்க முடியும், அது வேகம் தரும். ஆனால் பிளாப்பி மாதிரி டிஎம்ஏ முறையில் இயங்கும் பாகங்கள் சிப்பைக் கேட்காமல் நேரே நினைவகத்தைப் படிக்கின்றன. சிப்செட் குறுக்கிட்டு, உன்னிடம் புதியது இருக்கிறதா என்று சிப்பைக் கேட்கும் வசதி போர்டில் வயர் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பிளாப்பிக்குப் பழைய தரவு போய்விடும். ஐடிஇ டிஸ்கில் அந்தக் காலத்தில் தரவைச் சிப்பே கையால் நகர்த்துவதால் டிஸ்க் ஒழுங்காக வேலை செய்யும், பூட் ஆகும், விளையாட்டு ஓடும். எல்லாம் சரி என்றே தோன்றும். ஒருநாள் பிளாப்பியில் எழுதிக் கொடுத்த கோப்பு குப்பையாக இருக்கும்.

அதனால் சோதித்தே முடிவு செய்தேன். டிஸ்க் கேஷ் நிரலை நிறுத்திவிட்டு, ஒரு பெரிய கோப்பைப் பிளாப்பியில் எழுதி, வேறொரு கணினியில் படித்து பைட் பைட்டாக ஒப்பிட்டேன். ரைட்-பேக்கில் கோப்பு ஒத்துப்போகவில்லை. ஜம்பரை மாற்றி ரைட்-த்ரூவில் (மாற்றியதை உடனே நினைவகத்துக்கும் எழுதும் முறை) வைத்ததும் ஒவ்வொரு பைட்டும் ஒத்துப்போனது. இழக்கும் வேகம் கொஞ்சம்தான், தரவு பத்திரம் என்பது பெரிது. ரைட்-த்ரூவில் விட்டுவிட்டேன். சவுண்ட் கார்டும் டிஎம்ஏ என்பதால் அதையும் போட்டுக் கேட்டேன், சத்தத்தில் கரகரப்பு இல்லை.

வேகம் எவ்வளவு கூடியது? வெறும் கணக்குப் போடும் நிரல்களில் இரட்டிப்புக்குப் பக்கத்தில் வந்தது. திரையில் வரைவதும் நினைவகத்தில் நகர்த்துவதும் அதிகம் உள்ள நிரல்களில் அவ்வளவு வரவில்லை, பஸ் அதே 33-இல் நிற்பதால் அது எதிர்பார்த்ததே. சிப்பை மாட்டிய பிறகு மெம்டெஸ்ட், ஜிப் சோதனை, பிளாப்பிச் சோதனை மூன்றையும் முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். பிழை இல்லை.

விட்டுவைத்தவை

பேட்டரியை ஒட்டிய ஐஎஸ்ஏ ஸ்லாட்டை மாற்றவில்லை. அதன் உள் ஸ்பிரிங்குகள் பச்சை பிடித்திருந்தன. அதைக் கழற்றுவதென்றால் இழுத்து வைத்த வயர்கள் மூன்றைத் தொந்தரவு செய்ய வேண்டும், மீதி ஸ்லாட்டுகளே போதுமானவை. அதில் கார்டு செருகக் கூடாது என்று டேப் ஒட்டிவிட்டேன். மஞ்சளாகிப்போன பெட்டியைப் பெராக்சைடு போட்டு வெளுக்கவும் இல்லை. அது அழகுக்கான வேலை, வேண்டும்போது செய்துகொள்ளலாம்.

இழுத்த வயர்களின் முனைகள், மாற்றிய கெபாசிட்டர்கள், ஜம்பர்களின் இப்போதைய நிலை, பழைய நிலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி பெட்டியின் உள்பக்கம் ஒட்டினேன். பழைய டிஎக்ஸ்2 சிப்பை ஆன்டிஸ்டாட்டிக் உறையில் போட்டு அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அடுத்து இதைத் திறக்கிறவருக்குச் சந்தேகம் வந்தால், அடாப்டரைக் கழற்றி, அந்தச் சிப்பை மாட்டி, தாளில் உள்ளபடி ஜம்பர்களைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், கேஷ் சோதனையிலிருந்து தொடங்கலாம்.